தலைகீழாக ஓடும் பாட்டும் அதில் கேட்கும் குரலும்

பழைய ஸ்பூல் டேப்புகளைக் கணினிக்கு மாற்றும் பணியில் இருப்பவர்களிடம் வெளியாட்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: பாட்டைத் தலைகீழாக ஓட்டினால் ரகசியச் செய்தி கேட்குமாமே, உண்மையா? கேட்கும், ஆனால் என்ன கேட்கும் என்பதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் என் பதில்.

1969 அக்டோபரில் டெட்ராய்ட் வானொலி நிலையம் ஒன்றைத் தொலைபேசியில் அழைத்த நேயர், பீட்டில்ஸ் குழுவின் ‘ரெவல்யூஷன் 9’ பதிவைத் திருப்பி ஓட்டச் சொன்னார். அதில் ஓயாமல் வரும் ‘நம்பர் நைன்’, திருப்பும்போது ‘டர்ன் மீ ஆன், டெட் மேன்’ என்று ஒலிப்பதாகப் பேச்சுக் கிளம்பி, அக்குழுவின் பாடகர் பால் மெக்கார்ட்னி இறந்துவிட்டார் என்ற வதந்திக்கு அதுவே சாட்சியாகிவிட்டது. அவரோ ஸ்காட்லாந்துப் பண்ணை வீட்டில் குடும்பத்தோடு நலமாக இருந்தார். ‘லைஃப்’ இதழ் அங்கேயே தேடிப்போய் அவரிடம் பேட்டி எடுத்தது.

எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் பயிற்சிக்கு வரும் இளைஞர்களுக்கு அந்தத் துண்டை எதுவும் சொல்லாமல் போட்டுக் காட்டுவேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஏதோ முனகல் என்பார்கள். வாசகத்தைத் தாளில் எழுதி முன்னால் வைத்து மறுபடி ஓட்டினால், ‘தெளிவாகக் கேட்கிறதே’ என்பார்கள்; அதன்பின் அந்த இடத்தில் வேறு எதுவும் அவர்கள் காதில் விழாது. கனடாவின் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழக உளவியலாளர்கள் ஜான் வோக்கியும் டான் ரீடும் 1985-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியதும் இதைத்தான்.

பியானோவின் ஓர் அடியைத் திருப்பி ஓட்டினால், அது மெல்ல எழுந்து பெருகி, உச்சத்தில் சட்டென்று அறுந்துவிடும். பாடகர் வரிக்கு முன் இழுக்கும் மூச்சு, வரியின் கடைசியில் போய் ஒட்டிக்கொண்டு ‘ஸ்’ என்று சொல்லின் பகுதியாகவே ஒலிக்கும். நேராக ஓடும் பாட்டிலும் மூச்சு இப்படி ஏமாற்றுவதுண்டு. நெவாடாவின் ரீனோ நகரில் 1990-இல் ஜூடாஸ் பிரீஸ்ட் என்ற ராக் இசைக்குழுவின் மீது நடந்த வழக்கில், இரு இளைஞர்கள் தம்மைச் சுட்டுக்கொண்டதற்குப் பாட்டில் ஒளிந்திருந்த ‘டூ இட்’ (செய்துவிடு) என்ற கட்டளையே காரணம் என்று குடும்பத்தினர் வாதிட்டார்கள். பாடகர் விட்ட மூச்சும் கிதார் ஒலியும் தற்செயலாகச் சேர்ந்து அப்படிக் கேட்கிறது என்று நீதிபதி முடிவு செய்தார். மூச்சுகளை வெட்டியும் குறைத்தும் பிழைப்பு நடத்தும் எங்களுக்கு அந்தத் தீர்ப்பில் வியப்பேதும் இல்லை.

யாரும் வைக்காமலே டேப்பில் ஒளிந்திருக்கும் குரலும் உண்டு. சுருளில் ஓர் அடுக்கின் காந்தப் பதிவு அதற்கு மேலும் கீழும் உள்ள அடுக்குகளில் லேசாகப் படிந்துவிடுவதை பிரிண்ட் த்ரூ என்போம். அதனால் பாட்டு தொடங்குவதற்குச் சற்று முன்பே, அமைதியில், முதல் வரி மிக மெலிதாகக் கேட்கும். ஆவியின் குரலோ என்று மிரண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இதற்காகவே டேப்பின் கடைசி முனை வெளியே இருக்கும்படி சுற்றி வைப்போம். அப்போது படிந்த ஒலியில் வலுவானது வரிக்குப் பின்னால் வந்து, பாட்டோடு கலந்து மறைந்துவிடும்.

வேண்டுமென்றே ஒளித்த செய்திகளில் எனக்குப் பிடித்தது, பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழு 1979-இல் ‘எம்ப்டி ஸ்பேசஸ்’ பாட்டுக்குள் திருப்பி வைத்த பேச்சு. ரகசியச் செய்தியைக் கண்டுபிடித்ததற்குக் கேட்பவரை வாழ்த்தி, பதிலை அனுப்ப ஒரு முகவரியையும் அது தருகிறது. இதற்கு மட்டும் தாள் எதுவும் தேவைப்படுவதில்லை. முதல் தடவையிலேயே பிடிபட்டு, பயிற்சிக்கு வந்தவர்கள் சிரித்துவிடுகிறார்கள்.