நீல ஒளியும் ஒரு நொதியும்: ஆய்வக நாட்குறிப்பு

ஜனவரி 6

புரதங்களைப் பட்டை பட்டையாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் இன்றும் அதே கதைதான். கொழுப்பை வெட்டும் லைபேஸ் நொதியை, அதன் மரபணுவை நான் நுழைத்த ஈ.கோலை பாக்டீரியா ஏராளமாகவே செய்கிறது. ஆனால் செல்களை உடைத்து சென்ட்ரிஃபியூஜில் சுற்றியதும் எல்லாம் அடியில் வெள்ளைக் கட்டியாகப் போய் உட்கார்ந்துவிடுகிறது. மேலே தெளிந்த நீரின் பட்டை நூல் மாதிரி இருக்கிறது, அடிக்கட்டியின் பட்டை கட்டைவிரல் தடிமன்.

காரணம் தெரிந்ததுதான். மரபணுவைத் திறந்துவிடும் வேதிப்பொருளான ஐபிடிஜியை ஊற்றியதும், மரபணுவைப் படிக்கும் டி7 பாலிமரேஸ் என்ற நொதி மூச்சுவிடாமல் ஆர்என்ஏ எழுதித் தள்ளுகிறது. ஒரு புரதச் சங்கிலி மடிந்து உருப்பெறுவதற்குள் பின்னாலேயே பத்து சங்கிலிகள் வந்து நிற்கின்றன, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. வெப்பநிலையை 37 டிகிரியிலிருந்து 18-க்கு இறக்கினேன், ஐபிடிஜியைப் பத்தில் ஒரு பங்காக்கினேன். கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான்.

ஊற்றிய ஐபிடிஜியைத் திரும்ப எடுக்க முடியாது, செல்லும் அதைச் செரிப்பதில்லை. ஒளி அப்படியல்ல. கூட்டலாம், குறைக்கலாம், அணைக்கலாம். ஒளியால் இயங்கும் பிளாஸ்மிட்டுக்கு (செல்லுக்குள் மரபணுவைச் சுமந்து செல்லும் சிறு டிஎன்ஏ வளையம்) மாறிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

ஜனவரி 9

நான் எடுத்துக்கொண்டது பிடான் என்ற பிளாஸ்மிட், 2012-இல் வெளியானது. அதன் கண் ஒய்எஃப்1 என்ற கலப்புப் புரதம். ஆண்ட்ரியாஸ் மோக்லிஷும் கீத் மோஃபட்டும் தங்கள் குழுவோடு 2009-இல் அதை உருவாக்கிக் காட்டினார்கள். சோயா வேர் முடிச்சில் வாழும் பாக்டீரியாவிடம் ஆக்சிஜனை உணரும் ஃபிக்ஸ்எல் என்ற புரதம் உண்டு. அதன் ஆக்சிஜன் உணரும் தலையை எடுத்துவிட்டு, பேசில்லஸ் சப்டிலிஸிடமிருந்து நீல ஒளியை உணரும் லோவ் பகுதியைப் பொருத்தினார்கள். உடல் ஒன்றுடையது, கண் இன்னொன்றுடையது. அது வேலை செய்தது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

இயக்கத்தை எனக்கே தெளிவாக எழுதிவைத்துக்கொள்கிறேன். இருட்டில் ஒய்எஃப்1, ஃபிக்ஸ்ஜே என்ற புரதத்துக்குப் பாஸ்பேட் ஏற்றுகிறது. பாஸ்பேட் ஏறிய ஃபிக்ஸ்ஜே ஒரு அடக்கியைச் செய்ய வைக்கிறது. லாம்டா வைரஸின் சிஐ என்பது அந்த அடக்கியின் பெயர். அது என் நொதியின் மரபணுவை மூடிவைக்கிறது. நீல ஒளி பட்டால் பாஸ்பேட் இறங்கிவிடும், அடக்கி வராது, மரபணு திறந்துகொள்ளும். பூட்டைப் பூட்டுபவனை ஒளி தடுத்துவிடுகிறது, அவ்வளவுதான். இதற்கு ஜோடியாக, அடக்கி இல்லாத இன்னொரு பிளாஸ்மிட்டும் உண்டு, பெயர் பிடஸ்க். அதில் எல்லாம் தலைகீழ், இருட்டில்தான் மரபணு திறக்கும்.

இங்கே டி7 வேண்டியதில்லை, செல்லின் சொந்தப் பாலிமரேஸே போதும். எனக்கு வேண்டிய நிதானம் அதில் கிடைக்கலாம்.

ஜனவரி 15

ஒளியை உணரும் புரதத்தை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஓட்ஸ் செடியின் லோவ்2 புரதத்தைத் தனியே செய்தேன். புரதத்தைப் பிடித்துவைக்கும் நிக்கல் பத்தியில் ஏற்றும்போது அதன் நீல ரெசின் மேலிருந்து மெல்லப் பச்சையானது. அந்தப் பிடியை விடுவிக்கும் இமிடசோலை ஊற்றியதும் நல்ல எலுமிச்சை மஞ்சளில் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அந்த மஞ்சள் ஃபிளேவினுடையது. வைட்டமின் பி2-விலிருந்து செல் தானே செய்துகொள்கிறது, நான் எதுவும் சேர்க்கவில்லை. சிவப்பொளியை உணரும் ஃபைட்டோகுரோம்களை ஈ.கோலையில் வேலைக்கு வைக்க வேண்டுமென்றால் அவற்றின் நிறமியைச் செய்யும் மரபணுக்களையும் கூடவே நுழைக்க வேண்டும். அந்தப் பாடு இங்கே இல்லை.

குழாயின் மேல் நீல டார்ச்சைப் பிடித்தேன். மஞ்சள் வெளிறிப்போனது. புரதத்தின் சிஸ்டீன் ஒன்று ஃபிளேவினோடு பிணைப்புப் போட்டுக்கொள்வதால் 450 நானோமீட்டரில் உள்ள உறிஞ்சல் மறைகிறது. டார்ச்சை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஒரு நிமிடத்தையொட்டி மஞ்சள் திரும்பி வந்தது. நாலைந்து தடவை செய்து பார்த்தேன். வேறு வேலை நிறைய இருந்தது, ஆனாலும் விட மனம் வரவில்லை.

ஜனவரி 21

பிடானில் லைபேஸ், முதல் ஓட்டம். ஒரு குடுவைக்கு 470 நானோமீட்டர் எல்இடி, இன்னொன்றுக்கு அலுமினியத் தாள். சோதனைக்கு நைட்ரோஃபீனைல் பியூட்டிரேட். லைபேஸ் அதை வெட்டினால் மஞ்சள் வரும், 405 நானோமீட்டரில் அளந்துவிடலாம். ஈ.கோலையின் சொந்த எஸ்டரேஸ் நொதிகளும் அதைக் கொஞ்சம் வெட்டும், அதனால் லைபேஸ் மரபணு இல்லாத வெற்றுப் பிளாஸ்மிட் குடுவை ஒன்றும் வைத்திருந்தேன்.

ஒளிக் குடுவை மஞ்சள். இருட்டுக் குடுவையும் மஞ்சள். இரவு சரியாகத் தூங்கவில்லை.

ஜனவரி 22

“தாளைச் சுற்றிட்டா இருட்டு ஆயிடுமா? உள்ளே போய்ப் பார்த்தியா?” என்று கேட்டார் பக்கத்து மேசை அக்கா. குடுவைகளைக் குலுக்கும் ஷேக்கர் பெட்டிக்குள் நான் எப்படிப் போவது? கைபேசியில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்துக் கதவை மூடினேன். எடுத்துப் பார்த்தால் கருப்புத் திரையில் ஒரே ஒரு நீலப் புள்ளி. ஷேக்கரின் சின்ன அறிகுறி விளக்கு. அதற்கு நேர் கீழே, சுழலும் குடுவையின் வாயில் ஒரு நீலப் பிறை சுற்றிக்கொண்டே இருந்தது. காற்று போகட்டும் என்று வாயைத் தாள் சுற்றாமல் விட்டது நான்தான்.

ஒய்எஃப்1 ஓட்ஸ் புரதம் போல ஒரு நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பாது, நெடுநேரம் எடுக்கும். அதனால் சிறு கசிவு கூட இரவு முழுக்கச் சேர்ந்து நிற்கும்.

ஜனவரி 23

விளக்கின் மேல் கருப்பு டேப். குடுவை வாய்க்குத் துணி, துணிக்கு மேல் தளர்வாக ஒரு தாள் தொப்பி. மாதிரி எடுக்கும் மூலையில் சிவப்பு விளக்கு மட்டும். லோவ் புரதம் சிவப்பை உறிஞ்சுவதில்லை என்பதால் அது பாதுகாப்பு. கைபேசியை மறுபடி உள்ளே வைத்தேன். முழுக் கருப்பு.

ஜனவரி 28

இருட்டுக் குடுவையும் வெற்றுக் குடுவையும் இன்று ஒரே எண்ணைத் தந்தன. மூன்று தடவை அளந்தேன்.

ஆனால் ஒளிக் குடுவையில் எதிர்பார்த்த அளவு நொதி இல்லை. செல்கள் அடர்ந்ததும் கஞ்சி மாதிரி ஆகிவிடுகின்றன, ஓரத்தில் உள்ளவை நீலத்தை மறித்துவிட்டால் நடுவில் இருப்பவற்றுக்கு இரவுதான். 500 மில்லி குடுவையில் 50 மில்லி மட்டும் ஊற்றி, மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு எல்இடி வைத்து, செல்கள் அடர்வதற்கு முன்பே ஒளியைத் தொடங்க வேண்டும்.

பிப்ரவரி 4

அப்படியே செய்தேன், ஒளியையும் பாதியாகக் குறைத்தேன். மேல்நீரின் பட்டை நூல் இல்லை இப்போது. அடிக்கட்டியும் மேல்நீரும் ஏறக்குறைய ஒரே தடிமன். பாதி நொதி இன்னும் வீணாகத்தான் போகிறது, ஆனால் மீதிப் பாதி கரைந்து, மடிந்து, வேலை செய்கிறது. ஜெல்லை ஒளிப்பெட்டியில் வைத்து அக்காவைக் கூப்பிட்டேன். குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, “சரி, அடுத்து விட்டுவிட்டு அடிச்சுப் பாரு” என்றார்.

நாளைக்கு 5 நிமிடம் ஒளி, 25 நிமிடம் இருட்டு. டைமரை இப்போதே பூட்டிவைத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.