க்ளெய்ம்ஸ் டெஸ்க்ல இருந்து டேட்டா ஸ்ட்ராட்டஜி வரைக்கும்: மொரீஷியஸ் நாட்குறிப்பு

8 ஜனவரி 2024, ரோஸ் ஹில்

லெட்டர் கைக்கு வந்துருச்சு. டேட்டா ஸ்ட்ராட்டஜி அண்ட் கம்யூனிகேஷன் ஹெட். எங்க இன்சூரன்ஸ் கம்பெனியில இப்படி ஒரு போஸ்ட் இதுவரைக்கும் கிடையாது.

திருச்சியில ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிச்சப்ப இப்படி ஒரு வேலை இருக்குன்னே தெரியாது. சென்னையில எம்ஐஎஸ் ரிப்போர்ட், அதாவது மேனேஜர்களுக்கு மாசா மாசம் போற கணக்கு, எக்ஸெல்ல போட்டேன், கல்யாணமாகி இங்க வந்தப்புறம் எபென் ஊர்ல, இழப்பீடு கேட்டு வர்ற மனுவப் பாக்கற க்ளெய்ம்ஸ் டெஸ்க்குல அதே எக்ஸெல், அப்புறம் டேஷ்போர்டு, அப்புறம் 2018 ஜனவரி 15ல மக்களோட சொந்த விவரத்த காப்பாத்தற டேட்டா ப்ரொடெக்ஷன் ஆக்ட் 2017 அமலுக்கு வந்துச்சு பாருங்க, அப்பதான் கஸ்டமரோட விவரம் எந்த எந்த இடத்துல கிடக்குன்னு லிஸ்ட் எடுக்க ஆள் தேவைப்பட்டுது, நானே போய் கேட்டு வாங்கிட்டேன். ஒவ்வொரு டிபார்ட்மென்ட்லயும் உட்கார்ந்து பேசிப் பேசித்தான் கம்பெனி எப்படி ஓடுதுன்னே எனக்கு புரிஞ்சுது. கோடிங் தெரிஞ்சவங்க என்னைவிட நல்லா நிறைய பேர் இருக்காங்க, ஆனா வண்டி இன்சூரன்ஸ் பாக்கற மோட்டார் பிரிவு சொல்றத ஃபைனான்ஸுக்கு புரியவெக்க அங்க ஆள் இல்ல.

உலகத்துலயே முதல் சீஃப் டேட்டா ஆபீசர், அதாவது ஒரு கம்பெனியோட டேட்டாவுக்கெல்லாம் தலைமைப் பொறுப்புன்னு எல்லாரும் சொல்றது 2002ல அமெரிக்க பேங்க் கேபிடல் ஒன்ல வந்த கேத்ரின் க்ளே டாஸ். ஒரு பொம்பளைதான். இத டீம்ல இருக்கிற சின்னப் பொண்ணுங்ககிட்ட கண்டிப்பா சொல்லணும்.

14 ஜனவரி, ஞாயிறு

பெலால் புயல் வருது. நாளைக்கு பொங்கல், அத்தை அரிசி வெல்லம்லாம் எடுத்து வெச்சாச்சு. வீட்டுக்கு ஃபோன் பண்ற எல்லாரும் கேக்கறது ஒரே கேள்விதான், புயல் எச்சரிக்கை கிளாஸ் எத்தனை?

15 ஜனவரி, ராத்திரி

போர்ட் லூயிஸ்ல வெள்ளம். வேலைக்குப் போனவங்க நடு ரோட்டுல மாட்டிக்கிட்டாங்க, காருங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கிடக்கு. வீடியோ பாக்க பாக்க வயிறு கலங்குது. இவர் பத்திரமா வந்து சேர்ந்துட்டாரு.

தூக்கம் வரல, எழுதி வெக்கறேன். இங்க புயல் எச்சரிக்கை கிளாஸ் 1ல இருந்து 4 வரைக்கும். நாலுமே காத்தை வெச்சுதான். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்துல காத்து அடிக்க இன்னும் எவ்வளவு நேரம் இருக்குங்கறதுதான் அந்த நம்பர், கிளாஸ் 4ன்னா அடிக்கவே ஆரம்பிச்சாச்சு. மழைக்குன்னு தனி எச்சரிக்கை உண்டு, ஆனா ஜனங்க மனசுல நிக்கறது கிளாஸ்தான். காருங்கள இழுத்துட்டுப் போனது தண்ணி. அந்த நம்பர் சரியான நம்பராவே இருக்கட்டும், தண்ணியப் பத்தி அது ஒண்ணும் சொல்லாதே. நான் செய்யற வேலையோட மொத்த கஷ்டமும் இதுக்குள்ள இருக்கு.

18 ஜனவரி

க்ளெய்ம் குவியுது. வெள்ளத்துல போன வண்டி எத்தனைன்னு எம்டி கேட்டாரு, மூணு டிபார்ட்மென்ட்ல இருந்து மூணு கணக்கு வந்துச்சு. யாரும் பொய் சொல்லல. ஒரு பிராஞ்ச்ல காரணம்ங்கற இடத்துல சைக்ளோன்னு போடறாங்க, இன்னொண்ணுல ஃப்ளட், வேற ஒண்ணுல ஆக்சிடென்ட். உண்மையான தகவல் ரிமார்க்ஸ்ல, இங்க பேசற கிரியோல் மொழியில கிடக்கு. முக்கியமா ஒரு பிராஞ்ச் கவுன்டர்ல இருக்கிற அக்கா, தண்ணி சீட் வரைக்கும் வந்துச்சா, இன்ஜின் ஓடிட்டு இருந்துச்சா நின்னுருந்துச்சா, வண்டி எந்த ரோட்டுல நின்னுச்சு, எல்லாம் எழுதி வெச்சிருக்காங்க. சேதத்த மதிப்பிடற சர்வேயர் போறதுக்கு முன்னாடியே பாதி முடிவு அதுல இருக்கு. யாரும் அவங்கள எழுதச் சொல்லல. படிக்க படிக்க அவங்க மேல அவ்வளவு மரியாதை வந்துச்சு எனக்கு.

25 ஜனவரி, தைப்பூசம்

லீவு. கோர் த கார்ட் மலைக்கோயில்ல காவடி பாத்துட்டு வந்து இலையில ஏழு கறி சாப்பாடு. சாப்பிடறப்ப பெரிய மாமா எலெக்ஷன் பேச்ச எடுத்தாரு. இங்க பெஸ்ட் லூசர்னு பார்லிமென்ட்ல 8 சீட்டு, தோத்த வேட்பாளர்கள்ல சில பேருக்கு சமூக வாரியா கணக்கு பாத்து குடுக்கறது, அந்த கணக்கு இன்னும் 1972 சென்சஸ்தான், அப்புறம் எடுத்த சென்சஸ்ல அந்த கேள்வியே கிடையாது. கேள்விய நிறுத்தறதுக்கும் காரணம் இருக்கும், ஆனா நிறுத்துனா பழைய எண் எவ்வளவு காலம் ஆளும்னு முதல்லயே யோசிக்கணும். மாமா இதை ஒத்துக்கல, நல்ல சண்டை.

2 பிப்ரவரி

போர்டு மீட்டிங். ஸ்லைட் இங்கிலீஷ், பேச்சு பாதி பிரெஞ்சு, காபி டைம்ல கிரியோல். ஒரே பக்கம்தான் கொண்டு போனேன். முதல் வரி, வெள்ளம்னா என்னன்னு நம்ம கம்பெனிக்குள்ள இன்னும் முடிவு பண்ணல. அதுக்கு கீழ அந்த மூணு கணக்கையும் பக்கத்துல பக்கத்துல போட்டேன். ஒரு டைரக்டர், சாஃப்ட்வேர் வாங்கினா சரியாகுமான்னு கேட்டாரு. ஆகாது சார், முதல்ல மோட்டாரும் ஃபைனான்ஸும் பிராஞ்சும் ஒரே மேஜையில உட்காரணும், அதுக்கப்புறம் சாஃப்ட்வேர்னு சொன்னேன். ரொம்ப நேரம் கேள்வி. கடைசியில ஒத்துக்கிட்டாங்க, என் டீமுக்கு ஆள் எடுக்கவும் பெர்மிஷன் கிடைச்சுது.

ஒரு இடத்துக்கு அந்த கவுன்டர் அக்காவத்தான் கேட்டேன். டிகிரி இல்லன்னு ஹெச்ஆர் இழுக்குது. டேட்டாபேஸ்ல இருந்து விவரம் எடுக்கற எஸ்க்யூஎல் ஆறு மாசத்துல சொல்லிக்குடுத்துடலாம், சொல்லாமலேயே அப்படி எழுதி வெக்கற புத்திய எங்க போய் வாங்கறது? திங்கக்கிழமை அவங்க எழுதின ரிமார்க்ஸை பிரிண்ட் எடுத்து ஹெச்ஆர் மேஜையில வெக்கப்போறேன்.