காசு வாங்கி நாய் பார்த்துக்கொள்ள இங்கிலாந்தில் லைசென்ஸ் எடுத்த கதை

இங்கிலாந்தில் நாய் வளர்க்க லைசென்ஸ் தேவையில்லை. முன்பு இருந்தது, வெறும் 37 பென்ஸ், 1987-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். மைக்ரோசிப் போட்டு, வெளியே போகும்போது கழுத்துப்பட்டையில் பெயரும் விலாசமும் இருந்தால் சரி. ஆனால் லீவுக்குப் போகிறவர்களின் நாயைக் காசு வாங்கிக்கொண்டு உங்கள் வீட்டில் தங்க வைத்தால் கதையே வேறு. அந்தத் தொழிலுக்குக் கவுன்சில், அதாவது உள்ளூர் நிர்வாகம், தரும் லைசென்ஸ் வேண்டும், 2018 அக்டோபரில் வந்த விதிகள்தான் இப்போதும் நடப்பில் இருக்கின்றன. நாய் பார்த்துக்கொள்ள ஆள் தேடித் தரும் ஏதாவது ஒரு ஆப்பில் பெயரைப் பதிந்துவிட்டு "அதுவே அனுமதி" என்று நம்புகிறவர்கள் நம் ஆட்களிலும் இருக்கிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விண்ணப்பத்தைத் திறந்தால் நாயைவிட வீட்டைப் பற்றித்தான் கேள்வி அதிகம். எனக்கு நாய் என்றால் உயிர், சின்ன வயதிலிருந்தே வளர்க்கிறேன் என்பதெல்லாம் அங்கே செல்லுபடியாகாது. வாடகை வீடு என்றால் முதலில் வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். அப்புறம் மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது மற்றவர்களுக்கு ஏற்படும் காயம், சேதத்துக்கானது. கட்டணம் கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும், பெரும்பாலும் விண்ணப்பிக்கும்போது ஒரு பகுதி, லைசென்ஸ் தரும்போது மறுபகுதி. சில நூறு பவுண்டு போகும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

எழுத்து வேலைதான் ஆளைக் களைக்க வைத்தது. சாப்பாடு, சுத்தம், நாய்க்கு உடம்புக்கு முடியாமல் போனால், தப்பித்து ஓடினால், தீப்பிடித்தால் என்று ஒவ்வொன்றுக்கும் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதை எழுதி வைக்க வேண்டும். வீட்டில் பதினாறு வயதுக்குக் கீழே யாராவது இருந்தால் அவர்களும் நாயும் எப்படிப் பழகலாம் என்பதற்கும் நடைமுறை வேண்டும். பெரியவர் இல்லாமல் மகள் நாயோடு தனியாக இருக்கக் கூடாது, அது சாப்பிடும்போது கிட்டே போகக் கூடாது என்று நான் தட்டிக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்த மனைவி, "பிள்ளைக்கே நாம இவ்வளவு சட்டம் போட்டதில்லையே" என்றாள்.

கவுன்சிலிலிருந்து வீட்டை ஆய்வு செய்ய வந்த அம்மா செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வாசலைத்தான் பார்த்தார். நாய்க்கும் வெளியே போகும் வழிக்கும் நடுவில் குறைந்தது இரண்டு தடுப்பு இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் முன்கதவைத் திறந்தால் நேராகத் தெரு, அதனால் நடையில் இடுப்புயர இரும்புக் கேட் ஒன்று மாட்டியிருந்தேன். அதை முழங்காலால் நன்றாக அழுத்திப் பார்த்தார், கொக்கியைத் தூக்கிப் பார்த்தார். தோட்டத்தில் வேலியின் உயரத்தைப் பார்த்த கையோடு குனிந்து, பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் கையை விட்டார். "டெரியர் ஒன்று வந்தால் அரை மணி நேரத்தில் இதைத் தோண்டிவிடும்" என்றார். அந்த வாரமே கல் பதித்தேன்.

எத்தனை நாய் என்பதை முடிவு செய்வது உங்கள் ஆசை இல்லை, அறைகள். தேவைப்பட்டால் மற்ற நாய்களிடமிருந்து பிரித்து வைக்க ஒவ்வொரு நாய்க்கும் தனி அறை வேண்டும், திறந்து மூடக்கூடிய ஜன்னலோடு. எங்கள் சமையலறையும் சாப்பாட்டு இடமும் சுவர் இல்லாமல் ஒன்றாக இருப்பதால் இரண்டாக எண்ண முடியாது என்றார், ஆக இரண்டு நாய்தான் கிடைத்தது. அதிலும் வெவ்வேறு வீட்டு நாய்கள் ஒரே நேரத்தில் தங்க வேண்டுமானால் எல்லா உரிமையாளர்களும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். கூண்டில் அடைப்பதென்றால் அது அந்த நாய்க்கு ஏற்கெனவே பழக்கமானதாக இருக்க வேண்டும், உரிமையாளர் ஒத்துக்கொள்ள வேண்டும், அப்போதும் 24 மணி நேரத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. இந்த விதியை மட்டும் படித்தபோது, எழுதினவர் நாய் வளர்த்தவர்தான் என்று தோன்றியது.

லைசென்ஸோடு கவுன்சில் தரும் நட்சத்திர மதிப்பீடும் உண்டு. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் பழைய பதிவு இல்லாததால் அதிக ஆபத்துப் பிரிவில்தான் வைப்பார்கள். அந்தப் பிரிவில் உயர்தர நிபந்தனைகளை நிறைவேற்றினாலும் நான்குதான் உச்சம், ஐந்து கிடையாது. குறைந்தபட்சத் தரத்தை மட்டும் எட்டினால் இரண்டு நட்சத்திரம், ஒரு வருட லைசென்ஸ். எனக்கு அதுதான் வந்தது. எதிலும் தோற்கவில்லையே, ஏன் இரண்டு என்று வருகிற வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் விளக்க வேண்டியிருக்கிறது, அது கொஞ்சம் எரிச்சல்தான்.

லைசென்ஸ் நகலை வீட்டில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் மாட்ட வேண்டும், இணையதளம் வைத்திருந்தால் அதிலும் உங்கள் பெயரும் லைசென்ஸ் எண்ணும் தெரிய வேண்டும். வருகிற நாய்களின் தடுப்பூசி அட்டையைச் சேருவதற்கு முன்பே வாங்கிப் பார்த்துவிடுங்கள், வாசலில் நிற்கிற நாயைத் திருப்பி அனுப்புவது இரண்டு பக்கமும் கஷ்டம்.