நான்கு மில்லிமீட்டர் அமைதி

வானிலை நோக்கு நிலையத்தில் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் ஓர் அளவீட்டைப் பதிவேட்டின் தவறான கட்டத்தில் எழுதிவிட்டேன். பிழை மேலிடம் வரை சென்று திருத்தப்பட்ட பிறகு, பகலில் எவர் முகத்தையும் பார்க்கக் கூசி, இரவுப்பணிக்கு மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அந்த வாரத்தில் ஓர் இரவு வெண்பனி பொழியத் தொடங்கியது. தமிழில் பனி என்றால் புல்நுனியில் நிற்கும் துளியும் அதுதான், வானிலிருந்து விழும் இந்த வெண்படிகமும் அதுதான். பதிவேட்டிலோ இரண்டுக்கும் தனித்தனிக் குறியீடுகள் உண்டு. தொடங்கிய நேரத்தைக் குறித்துவிட்டு மேசைக்குத் திரும்பினேன். வெகுநேரம் கழித்து நிமிர்ந்தபோது அறையில் ஏதோ ஒன்று குறைவதுபோல் தோன்றியது. இரவெல்லாம் ஓயாத நெடுஞ்சாலையின் இரைச்சல் காணாமல் போயிருந்தது. வண்டிகள் குறைந்தது ஒரு காரணம் என்றால், பனி மற்றொரு காரணம்: புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்றே என்பதால், படிகங்களின் இடுக்குகளில் புகும் ஒலி அங்கேயே அலைந்து தேய்ந்துவிடுகிறது.

அளவெடுக்கும் நேரம் வந்ததும் கைவிளக்குடன் வெளியே போனேன், விளக்கு தேவைப்படவில்லை. புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் 80 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். தெருவிளக்குகளின் வெளிச்சத்தைத் தரை மேகத்துக்கும் மேகம் தரைக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்ததில், நள்ளிரவு வெளிறிய செம்மஞ்சள் நிறத்தில் இருந்தது.

கறுப்புக் கையுறையில் வந்து அமர்ந்தவை கிளைவிட்ட ஆறுமுனை நட்சத்திரங்கள். உகிச்சிரோ நகாயா என்ற ஜப்பானிய இயற்பியலாளர் 1936ஆம் ஆண்டு ஹொக்கைடோவில், குளிரூட்டிய ஆய்வுக்கூடத்தில் ஒரு முயல் மயிரின் நுனியில் பனிப்படிகத்தை வளர்த்துக் காட்டியவர். படிகத்தின் வடிவத்தைக் கொண்டே அது வளர்ந்த இடத்தின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் உய்த்தறியலாம் என்பது அவர் ஆய்வு தந்த பயன். நிலையத்தின் வெப்பமானி மைனஸ் 3 பாகை காட்டியது. கையுறையில் இருந்த நட்சத்திரங்களோ மைனஸ் 15 பாகையை ஒட்டிய மேகத்திலிருந்து இறங்கியவை. நான் ஒருபோதும் ஏறிப் பார்க்க முடியாத அந்த உயரத்தின் குளிர், நான் வாசித்து முடிக்கும் முன்பே உருகத் தொடங்கியது.

பனியை அளப்பதற்காக வெளியே கிடத்தியிருந்த வெள்ளைப் பலகையில் அளவுகோலை ஊன்றினேன். 4 சென்டிமீட்டர். மாதிரியை உள்ளே கொண்டுபோய் உருக்கியபோது கிடைத்த நீர் 4 மில்லிமீட்டர் மட்டுமே. ஒரு சாரல் மழையே அவ்வளவு பெய்துவிடும். அதை எவரும் நின்று பார்ப்பதில்லை. அதே 4 மில்லிமீட்டர், சாலையின் ஓசையை அடக்கி, இரவை வெளுக்கச் செய்து, என் காலடித் தடங்களையும் மூடிக்கொண்டிருந்தது என்பதை நம்ப முடியாமல், கண்ணாடிக் குழாயை விளக்கருகே பிடித்து இரண்டாம் முறையும் படித்தேன். பிறகு, பதிவேட்டில் உரிய கட்டத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு எழுதினேன்.

அளந்து முடிந்ததும் பலகையைத் துடைத்து, புதிய பனியின் மட்டத்துக்கே மீண்டும் வைக்க வேண்டும் என்பது விதி. அடுத்த அளவீடு சுழியத்திலிருந்து தொடங்கியாக வேண்டும். மீண்டும் வெளியே வந்து, துடைத்து வைத்துவிட்டு, உள்ளே போகாமல் நின்றேன். துடைத்த பலகையின் ஓரத்தில் ஒன்று விழுந்தது. சற்றுத் தள்ளி இன்னொன்று.