தங்கை மகளுக்கு ஒரு மாண்டலின்

பாளையங்கோட்டைக் கடையில் என் தங்கை மகள் கைகாட்டியது சுருள் செதுக்கிய எஃப் வகை மாண்டலினை. அந்த அலங்காரத்துக்குக் கொடுக்கும் பணம் ஒலியில் சேராது என்பதால், நீர்த்துளி வடிவிலான எளிய ஏ வகையையே எடுத்தேன். எட்டுத் தந்திகளும் இணை இணையாக இருப்பதால், அவை சற்று உயர்ந்து நின்றாலும் பிஞ்சு விரல் நுனி சிவந்துவிடும். கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகளான ஃபிரெட்டுகளில், பன்னிரண்டாவதற்கும் தந்திக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ 2 மில்லிமீட்டருக்குள் இருப்பது நல்லது. நாங்கள் பார்த்ததில் இரண்டு நாணயங்களை அடுக்கிச் செருகலாம் போலிருந்தது. நல்லவேளையாக, ஒட்டப்படாமல் தந்திகளின் அழுத்தத்திலேயே நிற்கும் அதன் பிரிட்ஜில் (தந்திகளைத் தாங்கும் கட்டையில்) திருகுச் சக்கரங்கள் இருந்தன. கடைக்காரர் தந்திகளைத் தளர்த்தி, அந்தச் சக்கரங்களைத் திருப்பி உயரத்தை இறக்கித் தந்தார். (உ. ஸ்ரீநிவாஸ் கர்நாடக இசைக்குக் கையாண்ட, ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலின் வேறு ரகம்.) ஜி, டி, ஏ, இ என்ற சுருதியமைப்பு மேற்கத்திய வயலினுக்கும் பொது என்பதால், தேவாலயத்தில் வயலின் வாசிக்கும் அடுத்த தெரு அண்ணாச்சியே அன்று மாலை சுருதி கூட்டிக் கொடுத்தார்.