டீசல் பிக்அப்புக்கு ஒரு கூலன்ட் ஃபில்டர்: சான் அன்டோனியோ நாட்குறிப்பு

செப்டம்பர் 28, 2024, சனி

எஞ்சின் ஆயில் 203 டிகிரி, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் 192. இடைவெளி 11 டிகிரி ஃபாரன்ஹீட். இன்று காலை ஐ-10 நெடுஞ்சாலையில் செகீன் பக்கம் 65 மைல் வேகத்தில், பின்னால் எதையும் இழுக்காமல் ஓட்டியபோது எடுத்த கணக்கு இது. டாஷ்போர்டு முள் எப்போதும் நடுவிலேயே நிற்கும். அதை நம்பி எந்த முடிவுக்கும் வர முடியாது. எஞ்சின் கணினியின் தகவல்களைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு சிறிய ரீடரைச் செருகினால் செல்பேசித் திரையில் இரண்டு வெப்பநிலைகளும் தனித்தனியே தெரியும். பக்கத்தில் மனைவி உட்கார்ந்து எண்களைக் குறித்துக்கொடுத்தாள்.

என்னுடையது 2006 மாடல் ஃபோர்டு எஃப்-250, 6.0 லிட்டர் வி8 டீசல். இந்த எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கெல்லாம் மனப்பாடமான எண் 15. எஞ்சின் நன்றாகச் சூடேறி, சமதளச் சாலையில் சீராக ஓடும்போது ஆயிலுக்கும் கூலன்ட்டுக்கும் உள்ள இடைவெளி 15 டிகிரியைத் தாண்டினால், கூலன்ட்டைக் கொண்டு ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலர் அடைபட்டு வருகிறது என்று பொருள். என் வண்டி இன்னும் அந்த எல்லைக்குள் இருக்கிறது. அதனால்தான், கூலர் அடைபடுவதற்கு முன்பே, கூலன்ட்டில் வரும் அழுக்கைப் பிடிக்க ஒரு கூலன்ட் ஃபில்டர் போடப்போகிறேன்.

இந்த எஞ்சினின் ஆயில் கூலர் இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில், எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் கிடக்கிறது. அடுக்கடுக்கான மெல்லிய தகடுகள்: ஓர் அடுக்கில் ஆயில், அடுத்த அடுக்கில் கூலன்ட். கூலன்ட் போகும் வழி மிகக் குறுகல். எஞ்சின் பிளாக் வார்ப்பிரும்பு. வார்க்கும்போது உள்ளறைகளை உருவாக்க மணலால் கரு செய்து வைப்பார்கள். பிறகு அந்த மணலை உதிர்த்து வெளியே எடுத்தாலும் மூலைமுடுக்குகளில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். பல ஆண்டுகள் கழித்தும் அது சிறுகச் சிறுக உதிர்கிறது. மணலோடு துருவும், சூட்டில் கெட்டுப்போன பழைய கூலன்ட்டிலிருந்து பிரியும் சிலிகேட் கூழும் சேர்ந்துகொண்டால் முதலில் அடைபடுவது ஆயில் கூலர்தான். அதைத் தாண்டித்தான் கூலன்ட், எஞ்சினுக்கே திருப்பி விடப்படும் புகையைக் குளிர்விக்கும் ஈஜிஆர் கூலருக்குப் போய்ச் சேர வேண்டும். முன்னது அடைத்துக்கொண்டால் பின்னதற்குக் கூலன்ட் போதாது. புகையின் சூடு தாங்காமல் அது வெடிப்பு விடுகிறது. அடுத்து வெள்ளைப் புகை, டிகாஸ் பாட்டில் எனப்படும் கூலன்ட் தொட்டியின் மூடி வழியாகக் கூலன்ட் பொங்குவது, கடைசியில் பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையே உள்ள ஹெட் கேஸ்கெட் போவது. இவ்வளவுக்கும் தொடக்கம் ஒரு சிட்டிகை மணல்.

அக்டோபர் 5, சனி

சாமான்கள் வந்துவிட்டன. ஃபில்டரைத் திருகும் தலைப்பகுதி, அதைத் தாங்கும் பிராக்கெட், 3/8 அங்குல ஹோஸ், ஹோஸிலிருந்து கிளை பிரிக்க ‘T’ வடிவிலான இரண்டு டீ இணைப்புகள், திறந்து மூட இரண்டு பித்தளைப் பந்து வால்வுகள், கிளாம்ப்கள்.

ஃபில்டரைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. ஒரே அளவு, ஒரே மரை கொண்ட டப்பாக்களில் ரசாயனம் கலந்ததும் கிடைக்கிறது, கலக்காததும் கிடைக்கிறது. பெரிய லாரி எஞ்சின்கள் பலவற்றில் சிலிண்டர் லைனரின் வெளிப்புறம் நேராகக் கூலன்ட்டில் நனைந்தபடி இருக்கும். லைனர் அதிரும்போது அங்கே குமிழிகள் தோன்றி உடைந்து, இரும்பில் பொடிப்பொடியாகக் குழி பறிக்கும். அதைத் தடுக்கும் உப்புகளைச் சிறிது சிறிதாகக் கரையவிடுவதற்குத்தான் ரசாயன ஃபில்டர். என் எஞ்சினில் அத்தகைய லைனர் கிடையாது. நான் ஊற்றப்போகும் நீண்ட ஆயுள் கூலன்ட்டுக்கு வெளியிலிருந்து உப்பு சேர்க்கவும் கூடாது. ஆகவே வெறும் வடிகட்டி மட்டுமான விக்ஸ் 24070 வாங்கினேன். கூலன்ட்டைப் பொறுத்தவரை, டப்பாவில் கேட்டர்பில்லரின் ஈசி-1 தரம் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். அதில் சிலிகேட் இல்லை. கூழ் பிரியும் தொல்லையும் இல்லை.

வாலை வடிநீர் நிறைய வாங்கி அடுக்கியாயிற்று. எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் எட்வர்ட்ஸ் நிலத்தடி நீர். சுண்ணாம்புக்கல் பாறைக்குள் ஊறி வருவது. எங்கள் டீ கெட்டிலின் அடியில் படியும் வெள்ளைப் பூச்சைப் பார்த்தவர்கள் அதை எஞ்சினுக்குள் ஊற்ற மாட்டார்கள்.

அக்டோபர் 12, சனி

முழு நாளும் வேலை.

எஞ்சின் இரவு முழுதும் ஆறியிருந்தது. சூடான எஞ்சினில் டிகாஸ் பாட்டில் மூடியைத் திறப்பது தற்கொலைக்குச் சமம். உள்ளே 16 பிஎஸ்ஐ வரை அழுத்தம் நிற்கும். ரேடியேட்டர் வடிகாலைத் திறந்தேன். பிளாக்கின் இரண்டு பக்கமும் உள்ள வடிகால் திருகுகளையும் கழற்றினேன். ஒரு பக்கத்துத் திருகு ஸ்டார்ட்டர் மோட்டாரின் மறைவில் இருப்பதால் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. வண்டல் தங்குவது பிளாக்கின் அடியில்தான். ரேடியேட்டரை மட்டும் வடித்தால் பழைய அழுக்கில் பாதி உள்ளேயே நிற்கும். ஸ்டார்ட்டர் பக்கத்திலிருந்து வந்தது முதலில் கலங்கலாக இருந்து, பிறகுதான் தெளிந்தது.

வடித்த கூலன்ட்டை அப்போதே மூடியுள்ள கேன்களில் ஊற்றி வைத்தேன். அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாய், பூனை நக்கினால் உயிருக்கே ஆபத்து. தரையில் சிந்தியதையும் மண் தூவி அள்ளிவிட்டேன். கேன்கள் நகராட்சியின் அபாயக் கழிவு சேகரிப்பு மையத்துக்குப் போகும்.

பிராக்கெட்டை டிகாஸ் பாட்டில் பக்கமாக, ஃபேனும் டர்போவும் எட்டாத இடத்தில் போல்ட் போட்டு இறுக்கினேன். ஃபில்டர் டப்பா நேராகக் கீழ்நோக்கித் தொங்குவது நல்லது. கழற்றும்போது அழுக்கு டப்பாவுக்குள்ளேயே தங்கும்.

இணைப்பின் தத்துவம் எளிது. ஹீட்டருக்குப் போகும் சூடான ஹோஸில் அழுத்தம் அதிகம். அங்கே ஒரு டீ. டிகாஸ் பாட்டிலின் அடியிலிருந்து பம்ப்பின் உறிஞ்சு பக்கத்துக்குப் போகும் ஹோஸில் அழுத்தம் குறைவு. அங்கே இன்னொரு டீ. இரண்டுக்கும் நடுவே ஃபில்டர். மொத்தக் கூலன்ட்டும் இதன் வழியாகப் போவதில்லை, ஒரு கிளை மட்டுமே போகிறது. அதனால் ஃபில்டர் முழுக்க அடைத்துக்கொண்டாலும் எஞ்சின் குளிர்ச்சிக்குக் கேடு வராது. மறுபுறம், அழுக்கெல்லாம் ஒரே சுற்றில் பிடிபடாது. கூலன்ட் சுற்றிச் சுற்றி வரும்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கும்.

ஹோஸை ரம்பத்தால் அறுக்காமல் புது பிளேடால் வெட்டினேன். அறுத்தால் ரப்பர் துகள் உள்ளே விழும். துகளைப் பிடிக்கத்தான் இவ்வளவு பாடும். பித்தளை மரைகளுக்கு வெள்ளை டேப் சுற்றாமல் திரவ சீலன்ட் தடவியதற்கும் அதுதான் காரணம்: டேப்பின் நூல் பிய்ந்தால் நேராக ஆயில் கூலரின் வாய்க்குப் போகும். தண்ணீரில் நனைத்ததும் ஹோஸ் முனைகள் டீயில் வழுக்கிக்கொண்டு ஏறின. ஸ்பிரிங் வகைக் கிளாம்ப்களைத்தான் போட்டேன். ரப்பர் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும். ஸ்பிரிங் அதோடு சேர்ந்து இறுகும், தளரும். திருகு வகைக் கிளாம்ப் அப்படிச் செய்யாது. குளிர்காலக் காலைகளில் மெல்ல ஒழுகத் தொடங்கும்.

ஃபில்டரின் இரு பக்கமும் ஒரு வால்வு. இதற்குச் செலவாகும் சில டாலர்களைப் பார்க்காதீர்கள். இரண்டையும் மூடிவிட்டால் ஃபில்டர் மாற்றுவது சில நிமிட வேலை; இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் கூலன்ட்டை இறக்க வேண்டும். கேஸ்கெட்டில் கொஞ்சம் கூலன்ட் தடவி, டப்பாவைக் கையால் திருகி, ரப்பர் தொட்ட பிறகு முக்கால் சுற்று. ஸ்பேனர் வேண்டாம்.

மாலையில் வாலை வடிநீர் ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஓட்டினேன். ஃபில்டர் டப்பாவைத் தொட்டால் சுட்டது. சுடுகிறது என்றால் ஓட்டம் இருக்கிறது. சில்லென்று இருந்தால் எங்கோ வால்வு மூடியிருக்கிறது.

அக்டோபர் 13, ஞாயிறு

நேற்று ஊற்றிய நீரை வடித்தேன். மீண்டும் நிரப்பி, ஓட்டி, ஆறவிட்டு வடித்தேன். கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்த்தபோது நிறமே இல்லாமல் வரும்வரை விடவில்லை. கடைகளில் விற்கும் சுத்திகரிப்பு ரசாயனத்தைத் தொடவில்லை. என் இடைவெளி 11 டிகிரிதான். வலிய ரசாயனத்தை விட்டுச் சுவரில் ஒட்டியிருப்பதை எல்லாம் ஒரேயடியாகப் பெயர்த்தால், அது போய் அடைவதும் அதே கூலரில்தான்.

இந்த அமைப்பின் கொள்ளளவு சுமார் 26 லிட்டர். வடித்த பிறகும் உள்ளே நீர் தங்கியிருக்கும். ஆகவே நீர் கலந்த கூலன்ட்டை ஊற்றினால் விகிதம் நீர்த்துப்போகும். அடர் கூலன்ட் 13 லிட்டரை முதலில் ஊற்றிவிட்டு, மிச்சத்தை வாலை வடிநீரால் நிரப்பினேன். அப்போது பாதிக்குப் பாதி சரியாக வரும்.

அக்டோபர் 14, திங்கள்

ஒழுக்கு இல்லை. காற்று வெளியேறியதால் பாட்டிலில் மட்டம் சற்று இறங்கியிருந்தது. நிரப்பினேன்.

அக்டோபர் 26, சனி

ஆஸ்டினிலிருந்து ஒரு நண்பன் அழைத்தான். என்னைவிட வயதில் இளையவன், அவனிடமும் இதே எஞ்சின்.

"அண்ணா, நீங்கள் போட்ட அதே ஃபில்டரை நானும் வாங்கிவிடட்டுமா?"

"முதலில் உன் எண்களைச் சொல், தம்பி."

சமதளத்தில், பாரமில்லாமல், இடைவெளி 24 டிகிரி என்றான். முன்பு வைத்திருந்தவர் பல ஆண்டுகளாகக் கூலன்ட்டையே மாற்றவில்லையாம், பழுப்பாக இருக்கிறதாம்.

"இப்போது ஃபில்டர் வாங்காதே. உன் கூலர் ஏற்கெனவே அடைத்துவிட்டது. தகட்டிடுக்கில் இறுகிப்போனதை ஃபில்டர் உறிஞ்சி எடுக்காது. நீ அதைப் போட்டுவிட்டு நிம்மதியாக ஓட்டுவாய். ஈஜிஆர் கூலர் வெடிக்கும். முதலில் ஆயில் கூலரை மாற்று. அதுவரை டிரெய்லர் எதையும் இழுக்காதே."

அவனுக்கு ஏமாற்றம். அதிக விலையில்லாத ஒரு டப்பா பெரிய செலவைத் தவிர்த்துவிடும் என்று நம்பியிருந்தான். இந்த நம்பிக்கையை நான் பலரிடம் பார்க்கிறேன். அது எனக்குக் கவலை தருகிறது. ஃபில்டர் இனி வரும் அழுக்கைப் பிடிக்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பவர்கள்தான் நடுச்சாலையில் நிற்கிறார்கள்.

நவம்பர் 9, சனி

500 மைல் ஓடியாயிற்று. வால்வுகளை மூடி முதல் ஃபில்டரைக் கழற்றினேன். டப்பா வெட்டும் கருவியால் விளிம்பைச் சுற்றி வெட்டி, உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை வெளியே எடுத்து, பலகையில் விரித்தேன்.

ஒவ்வொரு மடிப்பின் அடியிலும் கஷாயத்தின் அடிவண்டல் போலக் கருஞ்செம்மையான சேறு. ஒரு துண்டை வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் கழுவினேன். பிளாஸ்டிக் பையில் காந்தத்தைச் சுற்றி நீரில் அலசியபோது கறுப்புத் தூள் பையில் ஒட்டிக்கொண்டு வந்தது. அது இரும்பு. காந்தத்துக்கு வராமல் கிண்ணத்தின் அடியில் தங்கியதை உலரவைத்து, ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்து விரலால் தேய்த்தேன். நறநறவென்றது. துடைத்துவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கண்ணாடியில் மெல்லிய கீறல்கள். சிலிகேட் கூழோ மென்மையான துருவோ கண்ணாடியைக் கீறாது, மணல் கீறும். 2006 மாடல் வண்டி, இத்தனை ஆண்டுகள் ஓடிய பிறகும் பிளாக்கிலிருந்து மணல் உதிர்ந்துகொண்டிருக்கிறது. இதே துகள்கள் நீர் பம்ப்பின் சீலிலும் உரசிக்கொண்டிருந்திருக்கும்.

கண்ணாடித் துண்டைப் படமெடுத்து ஆஸ்டின் தம்பிக்கு அனுப்பினேன். புது ஃபில்டர் போட்டு, தேதியையும் மைலையும் டப்பாவில் பெயின்ட் பேனாவால் எழுதிவிட்டேன்.

நவம்பர் 30, சனி

தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஃப்ரியோ ஆற்றங்கரையில் கார்னர் பூங்காவுக்குப் போய் வந்தோம். மலையேற்றத்தில் இடைவெளி 14 வரை போய், இறக்கத்தில் உடனே குறைந்தது. திரும்பிய பிறகு டிரெய்லரைக் கழற்றிவிட்டு, அதே செகீன் சாலையில் அதே வேகத்தில் ஓட்டினேன்: 11. ஒரு டிகிரிகூடக் குறையவில்லை. குறையும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. இந்த எண் இப்படியே நின்றால் எனக்குப் போதும்.

இரண்டாவது ஃபில்டரையும் வெட்டிப் பார்த்தேன். சேறு இருக்கிறது, ஆனால் மடிப்புகளுக்கு நடுவே காகிதத்தின் சொந்த நிறம் தெரிகிறது. அடுத்ததை 5,000 மைலில் கழற்றுவேன். அதுவும் சுத்தமாக வந்தால் ஆண்டுக்கு ஒன்று போதும்.

தம்பி ஆயில் கூலருக்கும் ஈஜிஆர் கூலருக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டான். டிசம்பரில் இங்கே வருகிறான். என் கராஜில் வைத்து இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றப்போகிறோம். அவனுக்கும் ஃபில்டர் உண்டு. புது கூலர் உட்கார்ந்து, பிளாக் கழுவி முடிந்து, புது கூலன்ட் ஊற்றுவதற்கு முன்.