ஃபோர்ட்ஷ்ரிட்டெ: லைப்சிக் நாட்குறிப்பு

பிப்ரவரி 3, 2025, திங்கள்

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மார்னிங் டூட்டி. பக்கவாதம் வந்து மீண்டு வருகிறவர்களின் வார்டு என்பதால், இங்கே நாள் முழுக்கக் காதில் விழும் சொல் 'முன்னேற்றம்'. ஜெர்மனில் ஃபோர்ட்ஷ்ரிட். பாடப்புத்தகத்தில் இது 'டெர் ஃபோர்ட்ஷ்ரிட், ஆண்பால்' என்று ஒரே வரியில் முடிந்துவிடும். வார்டில் அப்படி முடிவதில்லை. ஊரில் ஜெர்மன் படித்துக்கொண்டிருக்கும் நர்ஸ் பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்று, கேட்ட வாக்கியங்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

இன்றைக்குக் கேட்டது: பிசியோதெரபிஸ்ட் ஒரு பாட்டியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றிவிட்டு, "ஸீ மாஹன் கூட்டெ ஃபோர்ட்ஷ்ரிட்டெ" என்றார். நல்லா முன்னேறிட்டு வர்றீங்க என்று அர்த்தம். கடைசியில் வரும் அந்த 'டெ'யைக் கவனியுங்கள், அது பன்மை. ஒரு ஆளுடைய முன்னேற்றத்தைச் சொல்லும்போது பெரும்பாலும் பன்மையில்தான் சொல்கிறார்கள். கூடவே வருவது 'மாஹன்', அதாவது செய்தல். பாட்டிக்கு முகமெல்லாம் சிரிப்பு. முன்னேற்றம் அவருக்குத் தானாக வந்ததல்ல, அவர் செய்தது. அந்த வாக்கியம் அதைத்தான் சொல்கிறது. எனக்கு இந்தச் சொல் பிடித்துப்போனதே அதனால்தான்.

பிப்ரவரி 6, வியாழன்

எதில் முன்னேற்றம் என்று சொல்ல 'பைம்' போட்டால் போதும். பைம் கேயன், நடப்பதில். பைம் ஷ்ப்ரெஹன், பேசுவதில். பைம் எஸன், சாப்பிடுவதில். "எர் மாஹ்ட் பைம் கேயன் ஃபோர்ட்ஷ்ரிட்டெ" என்றால் அவர் நடப்பதில் முன்னேறுகிறார். கொஞ்சம்தான் என்றால் 'க்ளைனெ', நிறைய என்றால் 'க்ரோஸெ', ஒன்றுமே இல்லை என்றால் 'கைனெ'. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஷிஃப்ட் மாறும்போது பாதி வார்டைப் பற்றிச் சொல்லிவிடலாம்.

ஆனால் நோட்ஸில் எழுதும்போது அது போதாது. எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் இதில் கறார். 'முன்னேற்றம் உள்ளது' என்று மட்டும் எழுதினால் அடுத்த ஷிஃப்டில் வருகிறவருக்கு என்ன தெரியும் என்று கேட்பார். ரோலாட்டர் (சக்கரம் வைத்த நடைவண்டி) பிடித்துக் கதவு வரை நடந்தார், ஒரு கை கொடுத்தால் எழுந்து நிற்கிறார், இப்படி எழுத வேண்டும். அவர் கேட்பது முழுக்க நியாயம். அந்த வரியை நம்பித்தான் இரவில் ஒருவர் நோயாளியைத் தனியாக எழுப்பலாமா கூடாதா என்று முடிவெடுப்பார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஜன்னலோரக் கட்டில் தாத்தாவுக்கு வலது பக்கம் பலவீனம். சட்டைப் பித்தான் போட உதவிக்கொண்டே, "நல்ல ஃபோர்ட்ஷ்ரிட்டெ" என்றேன். உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, "ஃபோர்ட்ஷ்ரிட்டா? அதை நான் ஓட்டியே இருக்கிறேன்!" என்றார்.

கிழக்கு ஜெர்மனியில் விவசாய இயந்திரங்களின் பிராண்டு பெயரே ஃபோர்ட்ஷ்ரிட்தான். அரசு நிறுவனம், தலைமையிடம் லைப்சிக் இருக்கும் இதே சாக்சனி மாநிலத்தின் நோய்ஷ்டாட். தாத்தா கூட்டுப் பண்ணையில் ஓட்டியது ஈ 512 என்ற கதிர் அறுக்கும் மிஷின், 1960களின் கடைசியில் வந்த மாடல். அறுவடைக் காலத்தில் இருட்டிய பிறகும் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டுவார்களாம். தூசி மூக்கு வாயெல்லாம் அடைத்துக்கொள்ளும் என்றார். 1990இல் இரண்டு ஜெர்மனியும் இணைந்த பிறகு அந்த நிறுவனம் துண்டு துண்டாகப் பிரிந்துபோனது. அந்தக் காலத்து மிஷின்கள் சில இன்னும் ஓடுகின்றனவாம்.

பேச்சுவாக்கில் பித்தான் எல்லாவற்றையும் தாத்தாவே இடது கையால் போட்டு முடித்திருந்தார். "முடிஞ்சதா?" என்று கேட்டேன். "நு" என்றார். சாக்சனிக்காரர்களின் 'ஆமா' அது.

பிப்ரவரி 14, வெள்ளி

இந்தச் சொல்லைப் போடக் கூடாத இடங்களும் உண்டு. வேலை நடந்துகொண்டிருக்கிறது என்றால் 'இன் ஆர்பைட்'. மீட்டிங் நடக்கிறது என்றால் 'லொய்ஃப்ட்', ஓடுகிறது. வேலை எப்படிப் போகிறது என்று கேட்டால் பதில் "எஸ் கேட் ஃபொரான்", முன்னே போகிறது. ஆனால் கம்ப்யூட்டர் திரையில் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பும் அந்தப் பட்டைக்குப் பெயர் ஃபோர்ட்ஷ்ரிட்ஸ்பால்கன்.

பிப்ரவரி 19, புதன்

இன்று மனது கனத்துவிட்டது. டாக்டர் ஒரு குடும்பத்தாரிடம் பேசும்போது நானும் இருந்தேன். மறதி நோய் 'ஃபோர்ட்கெஷ்ரிட்டன்' என்றார். முற்றிய நிலை. சொல் அதே வேரிலிருந்து வருவதுதான். மொழி வகுப்பில் இதே சொல் நல்ல செய்தி: அடிப்படை தாண்டியவர்களுக்கான வகுப்பு ஃபோர்ட்கெஷ்ரிட்டெனெ. நோயைப் பற்றி வந்தால், அங்கே முன்னே போவது நோய். வயது முதிர்ந்தவர்களைப் பற்றிச் சொல்லவும் இதையே மரியாதையாகப் பயன்படுத்துகிறார்கள்.

படிக்கிற பிள்ளைகள் இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும். 'ஃபோர்ட்' என்று காதில் விழுந்ததும் முகத்தில் சிரிப்பு வந்துவிடக் கூடாது. முன்னால் என்ன சொல் வந்தது, நோயா ஆளா, அதைக் கேட்டுவிட்டுத்தான் எதிரே இருப்பவரைப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

நாடாளுமன்றத் தேர்தல். எனக்கு ஓட்டு இல்லை, டூட்டி இருந்தது. நோயாளிகளில் சிலர் முன்பே தபாலில் போட்டுவிட்டார்கள்.

ஒருமை புழங்குவது அரசியலிலும் அறிவியலிலும். 2021இல் மூன்று கட்சிகள் கூட்டணி வைத்தபோது அந்த ஒப்பந்தத்துக்கு வைத்த தலைப்பு "மேர் ஃபோர்ட்ஷ்ரிட் வாகன்", இன்னும் அதிக முன்னேற்றத்துக்குத் துணிவோம். 1969இல் சான்சலர் வில்லி பிராண்ட் சொன்ன "இன்னும் அதிக ஜனநாயகத்துக்குத் துணிவோம்" என்பதன் எதிரொலி அது. அந்தக் கூட்டணி போன நவம்பரில் உடைந்ததால்தான் இன்று தேர்தல். டெக்னாலஜி வளர்ச்சி பற்றிப் பேச்சு வந்தால் "டெர் ஃபோர்ட்ஷ்ரிட் இஸ்ட் நிஹ்ட் அவ்ஃப்சுஹால்டன்" என்பார்கள்: முன்னேற்றத்தைத் தடுக்க முடியாது. அங்கே அது யாரும் செய்யாமலே தானாக வருவது போலத் தொனிக்கிறது. எனக்கு வார்டில் கேட்கும் பன்மைதான் நம்பகமாகத் தெரிகிறது. யார் செய்தார், எதில் செய்தார் என்று அதைக் கேட்டுவிடலாம்.

பிப்ரவரி 27, வியாழன்

தாத்தா நாளை வீட்டுக்குப் போகிறார். நர்ஸ் ரிப்போர்ட் என் பங்கு. உடை மாற்றுவதைத் தானே பார்த்துக்கொள்கிறார், ரோலாட்டரோடு சாப்பாட்டு அறை வரை போய் வருகிறார் என்று எழுதினேன். படிக்கட்டில் மட்டும் வந்த நாளில் இருந்த நிலைதான். அங்கே 'கைனெ ஃபோர்ட்ஷ்ரிட்டெ' என்று எழுத வேண்டியிருந்தது.

அத்தனை நல்ல வரிகளுக்குப் பிறகு அது இருக்கட்டுமா என்று இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டேன். கட்டாயம் இருக்க வேண்டும், அவர் படுக்கையறை மாடியில் இருக்கிறது என்றார். சாயந்திரம் வந்த மகளிடமும் அதையே விளக்கிச் சொன்னோம். அவர் வராந்தாவிலேயே நின்று தச்சருக்குப் போன் போட்டு, படிக்கட்டின் இடது பக்கம் கைப்பிடி வைக்கச் சொல்லிவிட்டார். அதுவரை கட்டில் கீழ் அறையில்.